வெள்ளைச்சாமியின் இரண்டு சீட்டுகள்

அரியலூருக்கு மேற்கே, கல் வெட்டிப்போட்ட சுண்ணாம்புக் குழியில் வெள்ளைச்சாமி செத்துக் கிடந்தான். அது 1944ஆம் வருஷம். கடலைத் தரகு பார்த்தவன் அவன். கிழக்கே ஆண்டிமடம் போவதாகச் சொல்லிப் புறப்பட்டவன் இந்தப் பக்கம் ஏன் வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. உடம்பில் காயமில்லை, விஷமும் இல்லை என்றார் டாக்டர். வேட்டி மடிப்பில் மட்டும் இரண்டு சீட்டுகள் இருந்தன. தமிழ் எழுத்துதான், ஆனால் ஒன்றுகூடச் சொல்லாகச் சேரவில்லை. நடுநடுவே எண்களும் சுழிகளும்.

யுத்த காலம்; புரியாத எழுத்தென்றாலே போலீசுக்குச் சந்தேகம். இன்ஸ்பெக்டர் அவன் மனைவி அம்மாக்கண்ணுவை ஸ்டேஷனுக்கு வரவழைத்தார். நாலெழுத்துப் படித்தவள் அவள். எழுத்து தன் புருஷனுடையதுதான் என்று ஒப்புக்கொண்டாள். அதுவே வினையாகிவிட்டது.

"கையெழுத்து தெரியுது, படிக்க மட்டும் தெரியலையா?" என்றார் அவர்.

பொழுது சாயும்வரை நிற்க வைத்துக் கேட்டார். சென்னைக்கு அனுப்பியும் சீட்டுகளை யாராலும் படிக்க முடியவில்லை.

ஆகஸ்டுப் போராட்டத்தில் தண்டவாளம் பெயர்த்த கூட்டத்தில் அவனும் ஒருவன் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. அதில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போன ஊர்ப் பையன்களைக் காட்டிக்கொடுத்ததே அவன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. அவள் கதவில் சாணியடித்தார்கள். அவள் கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார்கள். வெள்ளைச்சாமியின் அண்ணன் பஞ்சநாதன் வந்து, வீட்டைக் காலிசெய்துவிட்டுப் பிறந்த ஊருக்குப் போகச் சொன்னார். துப்புக் கொடுத்தவன் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு தலைகாட்ட முடியவில்லையாம்.

அம்மாக்கண்ணுவுக்கு ஊர்மேல் இருந்த ஆத்திரத்தைவிடச் செத்தவன்மேல்தான் அதிகம். கூடவே வாழ்ந்தவளிடம் மறைத்து அவனுக்குத் தனியாக ஒரு பாஷை இருந்திருக்கிறது.

ஒருநாள் காலை கிணற்றடியில் அவள் குடத்துக்குள் யாரோ மண்ணை அள்ளிப் போட்டார்கள். அவள் சண்டைக்குப் போகவில்லை. மண்ணைக் கொட்டிவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்தச் சீட்ட நான் படிச்சுட்டேன். போலீஸ்ல சொல்லல. இந்த ஊருல யாரு யாரு என்ன செஞ்சாங்கன்னு பேரோட எழுதியிருக்காரு."

அத்தனையும் பொய். டாக்டர் என்ன சொன்னாலும் அவனை யாரோ கொன்றுவிட்டார்கள் என்றே அவள் நம்பினாள். பயப்படுகிறவன் எவனோ அவன்தான் கொன்றவன், முகத்தைப் பார்த்தே பிடித்துவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் கிணற்றடியில் அவளுக்கு வழிவிட்டார்கள். சாணியடித்த வீட்டுக்காரன் கம்பு மூட்டையோடு வந்தான். ரயிலடிக் கடைக்காரர் சும்மா விசாரிக்க வந்ததாகச் சொல்லி வெகுநேரம் நின்றார். பேச்சு ஸ்டேஷன்வரை போயும் இன்ஸ்பெக்டர்கூட அவளைக் கூப்பிட ஆளனுப்பவில்லை. யாரும் அவளை நேருக்கு நேர் பார்க்கவில்லை. ஊரே பயந்து கிடந்தது. இதில் எவனைப் பிடிப்பது?

கடைசியாகப் பஞ்சநாதன் வந்தார். வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் பேரு இருக்கா புள்ள?"

"நீங்க என்ன செஞ்சீங்க மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கிப் போனார்.

வழக்கைத் துப்புத் துலங்கவில்லை என்று மூடிவிட்டார்கள். அம்மாக்கண்ணு அந்த வீட்டிலேயே இருந்தாள். அவள் எதிரில் வந்தால் ஜனம் ஒதுங்கிப் போயிற்று. சொன்னது பொய் என்று அவள் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.