ஆட்களை அளக்காத அளவு

காலி அரங்கின் நடுவில் நின்றுகொண்டு அவள் பலூனை ஊசியால் குத்தினாள். டப்பென்ற அந்தச் சத்தம் சுவரெல்லாம் சுற்றி அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கருவியில் பார்த்தாள். பிறகு இன்னொரு பலூன். இசையமைக்கிறவள் செய்கிற வேலையா இது என்று மேடையில் வயலினோடு உட்கார்ந்திருந்த கணவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கிற நிலையில் இல்லை. பெரிய அரங்கில் அவளுடைய படைப்பு ஏறுவது இதுவே முதல் தடவை. ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால் ஒரு மௌனம். எதிரொலி தேய்ந்து மறைகிற கணத்தில் அடுத்த சுரம் பிறக்க வேண்டும். காதை நம்பி வாசித்துக்கொள்கிறோமே என்றான் அவன். குத்துமதிப்பாக வாசிப்பதற்கு நான் எதற்கு என்றாள். வீட்டிலும் ஒரு வாரமாக இதே வழக்குதான்.

"நான் எழுதின கணக்குக்கு முன்னாடி வில்ல வெச்சீங்க, அப்புறம் பொல்லாதவளாயிடுவேன்."

"உத்தரவு, விஞ்ஞானி."

மாலையில் அரங்கு நிரம்பி வழிந்தது. முதல் பகுதி முடிந்து, அவனும் கூட வாசித்த மூவரும் தந்தியிலிருந்து வில்லை எடுத்தார்கள். எதிரொலி பாதியிலேயே செத்துப்போனது. பலூன் உடைத்தபோது இருந்தவை வெறும் நாற்காலிகள். இப்போது நாற்காலிக்கு ஓர் ஆள், குளிருக்கு ஆளுக்கொரு கம்பளிக் கோட்டு; சத்தத்தை மொத்தமாகக் குடித்துவிட்டார்கள். அட மக்கே, கேட்க வருகிறவர்களைக் கணக்கில் சேர்க்கவே இல்லையே! மேடையில் அவனோ, கொடுத்த வாக்குக்காக, அவள் எழுதின நொடிகளை உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். யாரோ இருமினார். பின்வரிசையில் ஒருவர் தனியாகக் கைதட்டி, பாதியில் நிறுத்தினார். பக்கத்தில் மாமியார் குனிந்து, "முடிஞ்சிருச்சாம்மா?" என்றாள்.

"இல்ல அத்தே. இன்னும் இருக்கு."

இரண்டாவது மௌனமும் அப்படியே இழுத்தது. அவன் அவளைப் பார்த்தான். பார்வையில் கேலி இருந்திருந்தால் அவளும் வீம்பாக இருந்திருப்பாள். இருந்ததோ பயம், அவளுக்காக. அவள் தன் காதைத் தொட்டுக் காட்டினாள். நிஜமாகவா என்று அவன் புருவம் உயர்ந்தது. காதைப் பிடித்து இழுத்தே காட்டினாள்.

"காது வலிக்குதா?" என்றாள் மாமியார்.

அடுத்த மௌனத்தில் அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். உதடு அசையவில்லை. ஓர் ஆள் எவ்வளவு சத்தத்தைக் குடிப்பார், கோட்டைக் கழற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்று அவள் மனம் அதற்குள் அடுத்த கணக்கைத் தொடங்கிவிட்டது. எதிரொலி மெலிந்தது, இன்னும் மெலிந்தது. மாமியார் பாதி பிரித்த மிட்டாய்க் காகிதத்தை அப்படியே பிடித்திருந்தாள், சரசரக்கவிடாமல்.