தாய்வழி நரை

ஒரு பெரிய வியாழனன்று அருள்பிரகாஷ் தன் அப்பாவைவிட மூத்தவனானான். அவனுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. அப்பா லூயிசுக்கு அறுபத்தொன்று. காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கையில் மிச்சமிருந்த கருமுடியும் வெளுத்து, முதுகு வளைந்தது. சாயங்காலம் சம்பா கோயில் திருப்பலியில் லூயிஸ் எழுந்து மகனுக்கு இடம் கொடுத்தார். பக்கத்திலிருந்தவர், "அண்ணன நல்லா சாய்ஞ்சு உக்கார வைப்பா" என்றார். அம்மா ரோசாவின் கூடப்பிறந்த தம்பிகள் இருவரும் இப்படித்தான் இளவயதிலேயே கிழவர்களாகிச் செத்திருந்ததால், தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. இந்த வருஷம் மழை முந்திவிட்டது என்பதுபோலச் சொல்லிக்கொண்டார்கள்.

மேனகாதான் துயரப்பட்டாள். அருள்பிரகாஷ் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடைக்கு எதிரே தையல்கடை வைத்திருந்தவள் அவள். அவனுக்காகப் பல வருஷங்களாகக் காத்திருந்தாள். கிழவனைக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தயக்கமில்லை. அவன்தான், தன் பிள்ளையும் தடியூன்றிப் பள்ளிக்கூடம் போவான் என்று சொல்லி மறுத்துக்கொண்டே இருந்தான்.

அவன் அக்கா லினெட் காலாப்பட்டுப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களின் முதுமையை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கனகசெட்டிக்குளத்தில் பலாப்பழ வண்டியருகே பிடித்த ஒரு பெண் ஈயின் வம்சத்தில் ஆண்களுக்கு மட்டும் சீக்கிரமே, தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் சீக்கிரமாக, இறகு நரைத்தது. அவை பறக்கமாட்டாமல் கண்ணாடிக் குப்பியின் சுவரில் சாய்ந்து நின்றன. லினெட் தலைமுறைதோறும் வேறு வம்சத்து அப்பன்களைச் சேர்த்துப் பார்த்தாள். அப்பன் மாறியும் நரை மாறவில்லை. நரைத்த ஆண்களையே வேறு வம்சத்துப் பெண்களோடு சேர்த்தபோது, பிறந்தவை எல்லாம் நிறைந்த ஆயுளோடு வாழ்ந்தன. தின்பதை எரித்து உடம்புக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா, உயிரணுவுக்குள் இருக்கும் குட்டி அடுப்பு. அது பிள்ளைக்குத் தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. அந்த அடுப்பின் மரபணுவிலிருந்த ஒரு சிறு மாறுதல் பெண் உடம்போடு ஒத்துப்போய், ஆண் உடம்பை மட்டும் அவசரமாக எரித்தது. இது தெரிந்தும் லினெட் வீட்டில் வாய் திறக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? லினெட்டின் வயிற்றிலும் ஆறு மாதக் கரு.

ஈஸ்டர் அன்று சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"மேனகாவ கட்டிக்கடா. உன் புள்ளைக்கு இது வராது. ஆம்பள வழியா எறங்காது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஈயில பாத்துட்டேன். அம்மா வழியாதான் வருது."

அருள்பிரகாஷ் அக்காவின் வயிற்றைப் பார்த்தான். "அப்ப உனக்குப் பையன் பொறந்தா?"

"வரும்."

ரோசாவின் கை சோற்றிலேயே நின்றது. "நான் குடுத்ததாடி இது?"

"தெரிஞ்சா குடுத்த? நானும் அதையேதாம்மா குடுக்கப் போறேன்."

ரோசா கை கழுவிவிட்டு வந்தாள். மகனின் பின்னால் நின்று, அவனுடைய வெள்ளை முடியை நெடுநேரம் சீவிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையை லூயிஸ் கைத்தாங்கலாகப் பீடத்துக்கு அழைத்துப்போனார். லினெட்டுக்கு ஆடியில் பையன் பிறந்தான், வாய் நிறையப் பற்களோடு. நர்ஸ் அவனைத் துடைத்துக் கொடுத்துவிட்டு, "பாத்துப் பால் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். அடுத்த மாசியில் மேனகாவுக்கும் ஆண்பிள்ளை. அவன் பல்லில்லாமல் பிறந்து, எல்லாக் குழந்தைகளையும்போல நிதானமாகக் கவிழ்ந்தான், தவழ்ந்தான். அருள்பிரகாஷ் கட்டிலில் கிடந்தபடி அந்த நிதானத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். மகன் முதல் அடி வைத்த வாரத்தில் அருள்பிரகாஷ் முதுமையால் இறந்தான். உப்பளம் கல்லறையில் லூயிஸ் ஒரு பிடி மண் போட்டு, பெரியவர்களுக்குச் செய்வதுபோல் கைகூப்பினார்.

லினெட் ஈக்களிடம் திரும்பிப் போனாள். அந்த அடுப்பைத் தணிக்கும் வழி இன்னும் கிடைக்கவில்லை, தேடுகிறாள். அவள் மகனுக்கு மூன்று வயது முடிவதற்குள் மீசை அரும்பிவிட்டது. சாயங்காலங்களில் அவன் மேனகாவின் பிள்ளையை, தன்னைவிட ஏழே மாதம் இளையவனை, தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறான். சுண்டல் விற்பவர் தோளிலிருப்பவனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, "தம்பி, உனக்கு?" என்று அவனிடம் கேட்கிறார்.