வெள்ளைக் கம்புக்கு இந்தப் பக்கம்

உலகத்திலே மான் வேட்டை தெரிந்த சனம் மன்னாரில் மட்டுந்தான் பிறந்தது, மற்ற நாட்டார் செய்வதெல்லாம் துவக்கோடு உலாப் போவது, இதில் மடுத்தீனுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது, இல்லாவிட்டால் இந்தப் பிரெஞ்சுக்காரர் ஆள் வைத்துக் கூச்சல் போட்டு மான் தேடுவார்களா... ஆளுக்கொரு தடி, மரத்தில் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டு வரிசையாக நடக்கவேண்டுமாம், மான் மிரண்டு காட்டின் மறுமுனையில், அந்தத் தொங்கலில், துவக்கோடு நிற்கிற துரைமாரிடம் போய்ச் சேருமாம். தடிக்காரருக்குக் கூலியில்லை, மான் விழுந்தால் இறைச்சியில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்காகத்தான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையையும் விட்டுவிட்டு, தான் கோப்பை கழுவுகிற உணவகத்தின் சமையற்காரன் அந்துவானுடைய காரில் ஏறி இந்தக் குளிருக்குள் வந்தது. பட்டணத்து லா சப்பலில், மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கிலுகிலுக்கிற அந்த அறையில், சட்டி கழுவி வைத்திருக்கும், கூட இருக்கிற பொன்னம்பலம் அண்ணை நேற்றே மிளகாய் வறுத்துக் கீழ்வீட்டு மனுசியை இருமவைத்துவிட்டார், "எடேய் மடுத்தீன், மான் வராட்டி உன்னைத்தான் துண்டு போடுறது, சொல்லிப்போட்டன்" என்றார், பகிடிதான், ஆனால் மூன்று வருசமாக அந்த அறையில் அவன் அவிழ்த்துவிட்ட வேட்டைக் கதைகளுக்கு இன்றைக்குச் சாட்சி வேண்டும், வெறுங்கையோடு போனால் அவனுடைய ஊர் முருங்கன் காடே பொய்யாகிவிடும்.

முருங்கன் காடு... பாலைமர நிழல், வற்றிய குளத்தின் நடுவே மிஞ்சிய தண்ணீர், மண்ணைக் கிள்ளித் தூவிக் காற்றுப் பார்த்துக் காற்றுக்கு எதிரே போவது, சருகு நொறுங்காமல் பாதத்தின் ஓரத்தை முதலில் வைப்பது, மூச்சுக்கூடக் கடன் வாங்கினமாதிரி விடுவது. காடு ஆருடையது என்று ஆர் கேட்டான்? காட்டிலாகாக்காரன் கேட்டான், ஒரு தொடையைக் கொடுத்ததும் அவனும் மறந்துபோனான். இங்கே அப்படியா? இந்தப் பக்கம் ஒரு பிரபுவின் சொந்தக் காடாம், அந்தக் கானுக்கு, அந்தச் சின்ன வாய்க்காலுக்கு, அங்காலே அரசாங்கக் காடாம், அங்கே வேட்டை வேறு கூட்டத்துக்காம், வேறு நாளிலாம், நடுவில் வெள்ளை பூசிய கம்புகள். "மான் பாய்ஞ்சா?" என்று மடுத்தீன் கேட்டான். "போனது போனதுதான்" என்றான் அந்துவான். நேற்று அறையில் அதைச் சொல்லி எப்படிச் சிரித்தார்கள்... "கம்பைக் கண்டா கட்டின மாடுமாதிரி நிண்டிடுவாங்களாம் அண்ணை!" "எங்கட ஆக்களெண்டா கம்பையும் விறகுக்குப் புடுங்கியிருப்பம்."

"மடுத்தீன், கத்து!" தூரத்தில் அந்துவானின் குரல். கத்தவில்லையா? எப்போதிருந்து? தடி அக்குளுக்குள் கிடந்தது, பாதத்தின் ஓரம் தானாக முதலில் பதிந்துகொண்டிருந்தது, விரலிடுக்கில் ஈரமண்... எவ்வளவு தூரம் இப்படிப் பதுங்கியே வந்திருக்கிறான்? மற்றவர்களின் கூச்சலுக்கு வெருண்ட மான் சத்தமில்லாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்து, அவன் கைக்கெட்டுகிற தூரத்தில் உரசாத குறையாக ஓடி, கானைத் தாண்டி அங்காலே நின்றது. நம்மூர் ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிசு, வாயால் புகை விட்டுக்கொண்டு. ஆறு பாகத் தூரம்கூட இல்லை. கானைக் கடந்து வளைந்துபோய் ஒரு அதட்டு அதட்டினால் திரும்பவும் இந்தப் பக்கம் பாயும், துரைமார் சுடுவார்கள், பங்கு வரும், சட்டி கொதிக்கும். ஒருவரும் பார்க்கவில்லை. கம்பு முழங்கால் உயரம்கூட இல்லை.

கால் எழும்பியது. எழும்பின கால் அந்தரத்தில் நின்று, கை தன்பாட்டில் உட்சட்டைப் பையைத் தடவியது, ரெசெப்பிசே இருக்கிறதா, மூன்று மாதத்துக்கொருமுறை நீட்டித் தருகிற அந்த வதிவிடத் தாள், மடிப்பில் கிழிந்துவிட்டதா... இருந்தது. மானிடம் காட்டுவதற்கா தேடினேன், என்று நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு வரப்பார்த்தது, வரவில்லை. மெத்ரோ வாசலில் பொலிஸைக் கண்டால் மற்றக் கரைக்கு மாறுகிற கால், சந்தை நெரிசலில் நீலச் சட்டை தெரிந்தால் நிற்கிற கால், ஒரு கோடும் போடாத இடத்திலும் இப்போதெல்லாம் நின்றுவிடுகிற கால், இது முருங்கனில் நடந்த அதே காலா?

"எங்கே நிற்கிறாய்?" அந்துவான் மறுபடி கூப்பிட்டான்.

மடுத்தீன் காலை மெதுவாகக் கம்புக்கு இந்தப் பக்கமே வைத்தான், ஓரத்தால் அல்ல, முழுப் பாதத்தால். "இஞ்சைதான்" என்றான் தமிழில், அந்துவானுக்குக் கேட்காத குரலில். மான் தலையைக் குனிந்து அரசாங்கப் புல்லைக் கடிக்கத் தொடங்கியது.