சீப்புக்கு ஒரு ஓட்டு

படபடவென்று பட்டாசு வெடித்ததில் மாவு மில்லின் தகரக் கூரை அதிர்ந்தது. கோதுமை கொட்டிக்கொண்டிருந்த மில்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். வாளிக் கட்சி ஜெயித்துவிட்டது. அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தச் சின்ன ஊரில், இந்த வார்டில், வாளி தோற்றதாகச் சரித்திரமே கிடையாது. அவர் காத்திருந்தது அடுத்த செய்திக்கு.

ஆட்டோவில் கட்டியிருந்த ஒலிபெருக்கி தெருமுனை திரும்பும்போதே சொல்லிவிட்டது.

"சீப்புச் சின்னம், பூஜ்யம்."

மில்காரர் எதிரே பூட்டிக் கிடந்த இரும்புக்கடையைப் பார்த்தார். பழக்க தோஷம். அங்கிருந்துதான் அவருக்கு எப்போதும் முடிவு வரும்.

சீப்புக் கட்சிக்கு அந்த ஊரில் தலைவர், செயலாளர், பொருளாளர், போஸ்டர் ஒட்டுகிறவர் எல்லாம் மில்காரர்தான். அவர் தலையில் பேருக்கு ஒரு முடி கிடையாது என்பதை ஒவ்வொரு தேர்தலிலும் புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் ஊர் சிரிக்கும். வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வேறு வார்டு. அதனால் போட்டியிடும் அவருக்கே அவர் ஓட்டு கிடையாது.

அவர் முதல்முறை நின்றபோது, எதிர்க்கடை இரும்புக்கடைக்காரர்தான் வாளிக் கட்சியின் வார்டுச் செயலாளர். ஓட்டு எண்ணும் இடத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, தன் கடைப் படியில் ஏறி நின்று, ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினார்.

"ஒண்ணு மச்சான். ஒண்ணே ஒண்ணு. எவன் அந்தக் கறுப்பு ஆடுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

அடுத்த தேர்தலிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று. விழுந்த ஓட்டு அழிவதுமில்லை, குட்டி போடுவதுமில்லை.

அந்த ஒற்றை ஆளைத் தேடுவதுதான் ஊருக்குப் பெரிய பொழுதுபோக்கு. இரும்புக்கடைக்காரர் டீக்கடையில் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார். "என்ன கம்பவுண்டரே, முழி சரியில்லையே. சீப்பா?" என்பார். கம்பவுண்டர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்வார். டெய்லர், தன் தலையில் பாதிக்கு மேல் வழுக்கை என்பதையே சாட்சியாகக் காட்டித் தப்பித்துக்கொள்வார்.

ஒருமுறை மில்காரர் சலித்துப்போய், இனி நிற்கப்போவதில்லை என்றார். இரும்புக்கடைக்காரருக்குத்தான் கோபம் வந்தது.

"ஒருத்தன் உன்னை நம்பி ஓட்டுப் போடறான். அவனை நட்டாத்துல விட்டுட்டா போவே? என் கட்சியா இருந்தா உன்னைத் தூக்கி எறிஞ்சிருப்போம்."

"அவன் யாருன்னே தெரியலையே, மச்சான்."

"தெரியாததுதான் உனக்கு நல்லது."

உண்மையில் நல்லதாகத்தான் இருந்தது. யார் என்று தெரியாததால் எவரையும் பகைத்துக்கொள்ள முடியவில்லை. கொஞ்சம் மிளகாய் அரைக்க வந்து அரைமணி நேரம் பேசுகிறவளாக அது இருக்கலாம். கல் மாற்றச் சொல்லித் திட்டுகிற வாத்தியாராகக்கூட இருக்கலாம். எல்லாரிடமும் சிரித்தார். ஈர மாவைத் திரும்பச் சலித்துக் கொடுத்தார். அப்படியே பழகிப்போய், அவர் நல்ல மனிதராகவே ஆகிவிட்டார்.

இப்போது பூஜ்யம்.

மதியத்துக்குள் முடிவு செய்துவிட்டார். மில்லை விற்றுவிட்டு வெளியூரில் மகள் வீட்டோடு போய்விடுவது. ஏணியைச் சாய்த்து, வாசலுக்கு மேலே இருந்த சீப்புப் பலகையின் ஆணியைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னண்ணே, இந்த வெயில்ல ஏணி மேல?"

இரும்புக்கடைக்காரரின் மனைவி, இடுப்பில் கோதுமை டின்னோடு நின்றிருந்தாள். கணவர் போனபிறகு கடையைத் திறக்கவில்லை, பின்கட்டில்தான் இருக்கிறாள்.

"பலகையைக் கழட்டறேம்மா. கட்சியை இழுத்து மூடியாச்சு."

"தோத்ததுக்கா? நீங்க என்னைக்கு ஜெயிச்சீங்க?"

"தோத்ததுக்கு இல்லை." மில்காரர் கீழே இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா எனக்குன்னு ஒரே ஒரு ஆள் இருந்தாங்க. இந்தத் தடவை அவங்களும் இல்லை. யாரு மனசையோ நான் நோகடிச்சிருக்கேன். என்ன சொன்னேன், யார்கிட்ட சொன்னேன்னு காலையிலேர்ந்து யோசிக்கிறேன். ஒண்ணும் பிடிபடலை."

அவள் டின்னை இறக்கி வைத்தாள்.

"உங்க மச்சானைக் கேட்டுப் பார்த்தீங்களா, எப்பவாவது?"

"அவன்தானே ஊரெல்லாம் தேடினான். கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கலையே."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. பூட்டிய கடைப் படியை ஒருமுறை பார்த்தாள். அங்கே நின்றுதான் அவர் விரலைத் தூக்கிக் காட்டுவார்.

"நீங்க யார் மனசையும் நோகடிக்கலைண்ணே. எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார், அவ்வளவுதான்."