‘சி’ குழாயில் ஒரு மிளகாய்

கடலோர வாடகை வீட்டுக்குக் குழாய் வேலை பார்க்கும் ஃபெர்மினுக்கு, அங்கே வந்து தங்குகிறவர்கள் மேல் தீராத எரிச்சல். அந்த ஊர் ஸ்பானிய மொழியில் குழாய்மேல் ‘சி’ (C) எழுத்து இருந்தால் ‘காலியெந்தே’, அதாவது வெந்நீர்; ஆங்கிலக்காரர்களுக்கோ அதுவே ‘கோல்ட்’, பச்சைத் தண்ணீர். திறந்து கையைச் சுட்டுக்கொள்வார்கள். உடனே இவனுக்குப் போன் வரும்.

வீட்டின் சொந்தக்காரி இதையெல்லாம் விளக்கிப் பன்னிரண்டு பக்கத்தில் குறிப்புப் புத்தகம் அச்சடித்து வைத்தாள். ஒருவரும் புரட்டவில்லை.

“குழாயில கோளாறே இல்ல. அவங்க படிச்ச எழுத்துலதான் கோளாறு” என்று வாராவாரம் கத்திவிட்டுப் போவான்.

இந்த ஒரு மாதமாகப் போனே இல்லை. மனசு கேட்காமல் போய்ப் பார்த்தான். ‘சி’ குழாயின் கழுத்தில் ஒரு சிவப்பு வற்றல் மிளகாய் தொங்கியது. அங்கே வீடு பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரி ஒப்துலியா கட்டியது.

“இது எந்த பாஷைம்மா?”

“எல்லா நாக்குக்கும் தெரிஞ்ச பாஷைதான் மேஸ்திரி.”

ஃபெர்மின் தொப்பியைக் கழற்றினான். அவன் தொண்டை கிழியக் கத்தியதை அவள் ஒரு சாண் நூலில் சொல்லி முடித்திருந்தாள்.

“அப்ப அந்தப் புத்தகம்?”

“அதையும் வீணாக்கல” என்று தரையைக் காட்டினாள். கடற்காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு அடியில் அது நாலாக மடிந்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.