வயிற்றைத் தொட மறுத்தவர்கள்

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவசரப் பிரிவு டாக்டர் முதலில் நன்றாகத்தான் விசாரித்தார். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று கேட்டார். மனநோய்க்கு என்று அக்கா சொன்னதும் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"காதுல ஏதாவது குரல் கேக்குதா?"

"வலிக்குதுங்க" என்றான் தம்பி.

காவலாளி வந்து அவன் சட்டைப்பையில் கத்தி இருக்கிறதா என்று தடவினான். கழிப்பறைக்குப் பக்கத்தில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளி, இரண்டு கையையும் துணியால் கட்டிப் போட்டார்கள். மனநல டாக்டர் வந்த பிறகுதான் மற்றதெல்லாமாம்.

"அவனுக்கு மனசு சரியில்லன்னா வயிறு இல்லாமப் போயிடுமா? தொட்டுப் பாருங்க சார்."

"இவங்களுக்கு இப்படி எதாவது தோணிட்டேதாம்மா இருக்கும்."

கார் ஓட்டச் சொல்லித்தருவது அக்காவின் தொழில். சுவரில் கொண்டுபோய் முட்டியவர்களிடம்கூட அவள் குரலை உயர்த்தியதில்லை. இப்போது தம்பியின் கைக்கட்டை அவிழ்த்தாள். காவலாளி குறுக்கே வந்தான்.

"வழிய விடு. இல்ல, உன்னையும் சேத்துத் தள்ளிட்டுப் போவேன்."

அவன் ஒதுங்கினான்.

அடுத்த ஆஸ்பத்திரியில் வேறு நோய் உண்டா என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல" என்று கூசாமல் பொய் சொன்னாள். டாக்டர் உடனே வயிற்றை அழுத்திப் பார்த்தார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்.

தம்பியின் மாத்திரை மயக்க மருந்தோடு சேராமல் போனால் என்ன ஆகும் என்று பயந்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவை வாசலில் மறித்து, மாத்திரை அட்டையைக் கொடுத்தாள்.

"ஏம்மா மொதல்லயே சொல்லல? உயிர் போற விஷயம் இது."

"ஒரு இடத்துல சொன்னேன், கையைக் கட்டிப் போட்டாங்க. இங்க சொல்லியிருந்தா தொட்டிருப்பீங்களா?"

டாக்டரம்மா அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தம்பி பிழைத்துக்கொண்டான். அவன் கண் திறந்து பேசிய பிறகு, அவள் முதல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலைமை டாக்டரின் எதிரில் உட்கார்ந்தாள். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவர் கேட்டார்.

"நீங்களும் ரொம்பப் படபடப்பா இருக்கீங்க. எங்க மனநல டாக்டரை ஒரு தடவை பாத்துட்டுப் போங்களேன்."

"எனக்கு வந்தது கோபம் சார். அதுக்கு மாத்திரை வேண்டாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் அன்று இருந்த அவசரப் பிரிவு டாக்டரை வரவழைத்தார். வந்தவர் தரையைப் பார்த்தபடி, "மன்னிச்சிடுங்க" என்றார்.

"என்கிட்ட எதுக்கு? வலிச்சது அவனுக்கு. அவன்கிட்ட வந்து சொல்லுங்க."

தம்பி படுத்திருந்த ஆஸ்பத்திரியையும் வார்டையும் சொல்லிவிட்டு வந்தாள். அவன் தையல் பிரித்து வீடு திரும்பும்வரை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மறுபடியும் முதல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.