கழுத்துக்குக் கீழே

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி ஆனால் சித்தப்பா சந்திரமோகன் ஆரணிக் கடைவீதியில் இருக்கும் தன் பட்டுக்கடையிலிருந்து யூடியூபில் லைவ் போடுவார். அவர் விலை சொல்லுவார். நான் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பேன். கழுத்துக்குக் கீழேதான் தெரிய வேண்டும் என்பது அப்பா போட்ட கண்டிஷன். ஒரு தடவை முகம் தெரிந்தாலும் காலேஜுக்கு முழுக்கு என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அக்காவைப் பத்தாவதோடு நிறுத்தியவர்.

ஒரு வருஷம் அப்படியே நின்றேன். எவளுக்கோ நடப்பதுபோல இருந்துவிட்டேன்.

போன வாரம் எனக்குக் காய்ச்சல். என் இடத்தில் பக்கத்துத் தெருப் பெண்ணை நிறுத்தினார்கள். படுத்தபடி செல்போனில் பார்த்தேன். என் ஜாக்கெட், என் வளையல், என்னைப் போலவே முந்தானையை விரிக்கும் கை. ஆள் மாறியதைக் கமெண்டில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அட, அவர்களை விடுங்கள். ஒரு நிமிஷம் எனக்கே அது நான்தான் என்று தோன்றிவிட்டது. குப்பென்று வேர்த்தது. எழுந்து ஓடிக் கண்ணாடியில் முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சலைவிட அந்தப் பயம்தான் என்னைப் போட்டு ஆட்டியது.

இந்த ஞாயிறு மறுபடி நின்றேன். அப்பா நெய்த புடவையும் விற்பனைக்கு வந்திருந்ததால் வீட்டில் அவர் லைவைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். வேண்டாம்டி, சும்மா கிட என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது புடவையில் சித்தப்பா எதையோ எடுக்கத் திரும்பினார். ஸ்டாண்டில் இருந்த செல்போனை நிமிர்த்தி என் முகத்துக்குத் திருப்பினேன்.

"நான் தேவிப்ரியா. போன வாரம் நின்னது நான் இல்ல."

சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அடுத்த நிமிஷமே என் போன் அடித்தது. அப்பா. எடுக்காமல் இருக்க எனக்குத் தைரியமில்லை.

"இன்னா பண்ணிகினு இருக்கிற? ஜல்தி வீட்டுக்கு வா."

கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. காலேஜ் போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது.

"இன்னும் நாலு புடவை இருக்குதுப்பா. காட்டிட்டு வரேன்."

அப்பா போனை வைக்கவில்லை. நானே அதை மேஜைமேல் வைத்துவிட்டு அடுத்த புடவையை எடுத்தேன். சித்தப்பா கேமராவைக் கீழே இறக்கக் கை நீட்டினார். இருக்கட்டும் என்றேன். முந்தானையை விரித்துக் காட்டினேன். முகத்தில் இருந்த பயம் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அப்பாவுக்கும்.